கம்ப்யூட்டர் டிகிரியில் சேர்க்கும் முன்: சித்தூர் தாலுக்காப் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் கேரளத்துப் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுக்காவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோபாலபுரம் பக்கத்து வீடுகளில் ஒரே பேச்சுத்தான். கம்ப்யூட்டர் படிக்க வைப்பதா? வைத்தால் பாலக்காட்டுப் பக்கமா, கோயம்புத்தூர்ப் பக்கமா? இரண்டு மாநிலத்துக் கல்லூரி நோட்டீஸும் ஒரே பேக்கரிச் சுவரில் ஒட்டியிருக்கும் ஊர் இது. சிஸ்டம்ஸ் அனாலிசிஸ் பக்கம் போக நினைக்கும் பிள்ளைகளுக்காகக் கேட்கப்பட்ட கேள்விகளையும், அவற்றுக்கு என்னால் சொல்ல முடிந்த பதில்களையும் கீழே தொகுத்திருக்கிறேன்.

சிஸ்டம்ஸ் அனலிஸ்ட்டுன்னா என்ன வேலைங்க? புரோகிராம் எழுதறதுதானே?

எழுதத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நம்மூர் பால் சொசைட்டியையே எடுத்துக்கொள்வோம். காலையில் கேனோடு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். பாலை அளந்து, சாம்பிள் எடுத்து, மெஷினில் வைத்தால் ஃபேட்டும் (கொழுப்பு) எஸ்என்எஃப்பும் (கொழுப்பல்லாத திடப்பொருள்) வருகின்றன. ரேட் சார்ட்படி விலை விழுகிறது, சீட்டு பிரிண்ட் ஆகிறது. பார்த்தால் எல்லாம் கம்ப்யூட்டர்தான். திடீரென்று கரண்ட் போனால்? கறவைப் பாலை வைத்துக்கொண்டு யாரும் காத்திருக்க முடியாது. செயலாளர் ஒரு நோட்டில் உறுப்பினர் எண்ணையும் லிட்டரையும் கையால் குறித்துக்கொள்கிறார், ஃபேட் இடத்தில் நேற்றைய அளவையே போடுகிறார், மத்தியானம் உட்கார்ந்து அதை டைப் செய்கிறார். பணம் பட்டுவாடா ஆகும் நாளில் ஒரு பாட்டி வந்து, “என் மாட்டுப் பாலுக்கு ஏனுங்க காசு குறைஞ்சுது?” என்று கேட்கும்போது கணக்கு எங்கே இடறியது என்று யாருக்கும் தெரிவதில்லை.

அனலிஸ்ட் கண்டுபிடிக்க வேண்டியது அந்த நோட்டைத்தான். மென்பொருள் கம்பெனியின் விளக்கப் படத்தில் நோட்டு இருக்காது. செயலாளரும் கேட்டால் ஒழியச் சொல்லமாட்டார், ஏனென்றால் அவருக்கு அது சாதாரணம். யார் என்ன செய்கிறார்கள், தகவல் எங்கே பிறந்து எங்கே போகிறது, நடுவில் எங்கே கைமாறுகிறது என்று பார்த்து, வரைந்து, அதற்குத் தகுந்த மாதிரி எதைக் கட்டவேண்டும் என்று எழுதித் தருவதுதான் வேலை. ஐடி கம்பெனிகளில் இதே ஆளை பிசினஸ் அனலிஸ்ட் என்றும் கூப்பிடுவார்கள்.

ஒரு படிப்பு இந்தக் கண்ணைக் கொடுக்குமா என்பதுதான் என் அளவுகோல். கீழே வரும் பதில்கள் எல்லாவற்றிலும் அதை வைத்துத்தான் பேசுகிறேன்.

அந்தப் பேரிலேயே டிகிரி இருக்குதுங்களா?

நம் பக்கத்தில் பெரும்பாலும் இல்லை. பிசிஏ, பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயன்ஸ், பிஎஸ்சி ஐடி, பிடெக் அல்லது பிஇ என்று வேறு பெயர்களுக்குள் ‘சிஸ்டம்ஸ் அனாலிசிஸ் அண்ட் டிசைன்’ அல்லது ‘சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்’ என்று ஒரு தாளாக இருக்கும். வெளிநாடுகளில் ‘இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்’ என்றே தனிப் பட்டம் உண்டு.

பிசிஏவா, பிஎஸ்சியா, பிடெக்கா? எது ஒசத்தி?

பிடெக்கில் கணக்கும் இயற்பியலும் கூடுதல், நான்கு வருடம், செலவும் கூடுதல். கேரளத்தில் கீம் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளுக்கு பிளஸ் டூ மார்க்கை வைத்தே கவுன்சலிங். பிஎஸ்சியில் தியரி கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பிசிஏவில் அப்ளிகேஷன் எழுதுவதும் டேட்டாபேஸும் அதிகம். சிஸ்டம்ஸ் அனாலிசிஸ் பக்கம் போக நினைப்பவருக்கு நல்ல பிசிஏ தாராளமாகப் போதும். மோசமான பிடெக்கை விட நல்ல பிசிஏ மேல் என்று தயங்காமல் சொல்வேன், நிறையப் பேருக்கு இது பிடிக்காது என்றாலும்.

2024-25 கல்வியாண்டிலிருந்து பிசிஏ படிப்பும் ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரத்தின் கீழ் வந்துவிட்டது. அதற்கு முன்பு இன்ஜினியரிங், எம்சிஏ போன்றவற்றுக்குத்தான் அது. எனவே பிசிஏவில் சேர்ப்பதானால் அந்தக் கல்லூரிக்கு, அந்தப் படிப்புக்கு, இந்த வருடத்துக்கான ஒப்புதல் கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். போன வருடத்துக் கடிதத்தைக் காட்டினால் ‘இந்த வருஷத்தது எங்கே’ என்று கேட்பதில் தப்பில்லை.

சிலபஸைப் பார்க்கச் சொல்றீங்க. அதுல நமக்கு என்ன புரியும்?

எல்லாம் புரிய வேண்டியதில்லை. பல்கலைக்கழக இணையதளத்தில் பிடிஎஃப் கிடைக்கும். அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து திருப்புங்கள். முதல் பக்கங்களில் நோக்கம், விளைவு, தொலைநோக்கு என்று எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருப்பார்கள். விஷயம் பின்னால்தான் இருக்கும்.

முதலில் கடைசி செமஸ்டர் புராஜெக்ட். அதற்கு எத்தனை கிரெடிட் (பாடத்தின் எடையைக் காட்டும் புள்ளி), யார் மதிப்பெண் போடுகிறார்கள், வெளியே போய் ஒரு நிறுவனத்தில் செய்ய வேண்டுமா அல்லது லேப்பிலேயே முடித்துவிடலாமா? காந்திபுரத்தில் புராஜெக்ட் சென்டர்கள் இருப்பது கோவைக்குப் போய்ப் படித்த எல்லாருக்கும் தெரியும். காசு கொடுத்தால் கோடு, ரிப்போர்ட், தங்க எழுத்து பைண்டிங் எல்லாம் சேர்ந்தே வரும். ‘லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்’ என்ற தலைப்பில் வருடாவருடம் ஒரே புராஜெக்ட் வேறு வேறு பெயரில் ஏறி இறங்கும். இதைக் கண்டுகொள்ளாத துறையில் சிஸ்டம்ஸ் அனாலிசிஸ் தாளில் 90 மார்க் வாங்கினாலும் கையில் ஒன்றும் நிற்காது. சீனியர்களின் புராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் துறை நூலகத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். இரண்டை எடுத்து, ‘இப்போதுள்ள நடைமுறை’ என்ற அத்தியாயத்தை மட்டும் படியுங்கள். ‘தற்போது எல்லாம் கையால் செய்யப்படுகிறது, அதனால் தாமதமாகிறது’ என்று நான்கு வரியில் முடிந்திருந்தால் அந்தப் பிள்ளை எங்கேயும் போய்ப் பார்க்கவில்லை. யாரிடம் பேசினார்கள், எந்த ரசீதைப் பார்த்தார்கள் என்று பக்கக்கணக்கில் எழுதியிருந்தால் அங்கே ஓர் ஆசிரியர் வேலை வாங்கியிருக்கிறார்.

இரண்டாவது, லேப். நீலத்திரை டர்போ சியில் இன்னும் புரோகிராம் அடிக்கிறார்களா? அது 1990-களின் சமாச்சாரம். விஷுவல் பேசிக் 6 சிலபஸில் கிடந்தால் இன்னும் மோசம், மைக்ரோசாஃப்ட் அந்த மென்பொருளுக்கான ஆதரவை 2008-லேயே நிறுத்திவிட்டது. மாறாக கிட் (கோடில் யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கும் கருவி), லினக்ஸ், ஏதாவது ஒரு நல்ல டேட்டாபேஸ், டெஸ்டிங் என்று லேப் பட்டியலில் கண்ணில் பட்டால் சந்தோஷம்.

மூன்றாவது, தாள்கள். டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் ஐந்தும் கட்டாயம் இருக்க வேண்டும். அனாலிசிஸ் தாளுக்குள் டேட்டா ஃப்ளோ டயகிராம் (தகவல் ஓடும் வழியின் படம்), ஈஆர் டயகிராம் (தகவல்களுக்குள் உள்ள உறவின் படம்), யூஎம்எல் (மென்பொருளை வரைந்து காட்டும் குறியீட்டு முறை), ஃபீசிபிலிட்டி ஸ்டடி (செய்ய முடியுமா என்ற ஆய்வு), ரிக்வயர்மென்ட் எடுப்பது (என்ன தேவை என்று கேட்டறிவது) ஆகியவை வரும். டேட்டா ஃப்ளோ டயகிராம் 1970-களில் பரவியது, யூஎம்எல் 1997-ல் தரமாக்கப்பட்டது. பழசு என்று ஒதுக்க வேண்டாம், வரையத் தெரிந்தால் இன்றும் உதவும். ஆனால் பரீட்சையில் ‘வரையறு, விளக்குக’ என்று மட்டும் கேட்டால் வீண். பழைய கேள்வித்தாளை வாங்கி, ஒரு சூழ்நிலையைக் கொடுத்து ‘இதற்கு வரைக’ என்று கேட்டிருக்கிறார்களா பாருங்கள்.

சிலபஸ் புதுசா பழசா என்று பார்க்க இன்னொரு சின்ன வழி: தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. ஆட்களுடைய தகவலைச் சேகரிக்கப் போகிறவருக்கு அது தெரியாமல் ஆகாது. அது எங்காவது ஒரு யூனிட்டில் இருந்தால் யாரோ அண்மையில் கை வைத்திருக்கிறார்கள்.

கேரளாவுல நாலு வருஷமாமே? கோயம்புத்தூர்ல மூணு வருஷம்தானே?

கோழிக்கோடு பல்கலைக்கழகம் உட்பட கேரளத்துப் பல்கலைக்கழகங்களில் 2024 ஜூலையில் நான்காண்டுப் பட்டப்படிப்பு தொடங்கியது. மூன்று வருடத்தில் 133 கிரெடிட்டோடு சாதாரணப் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். நான்காவது வருடமும் படித்தால் 177 கிரெடிட், ஹானர்ஸ். அதில் ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போக முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வேண்டும். நான்காண்டுப் பட்டம் தேசியக் கல்விக் கொள்கை சொல்வது, அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் பிசிஏவும் பிஎஸ்சியும் மூன்று வருடம்தான்.

வெளிநாட்டில், குறிப்பாக அமெரிக்காவில், எம்எஸ் படிக்க எண்ணம் இருந்தால் நான்கு வருடம் கைகொடுக்கும். அங்கே பல பல்கலைக்கழகங்கள் மூன்று வருடப் பட்டத்தை முழுதாக ஏற்பதில்லை. உள்ளூரில் வேலை, பிறகு எம்சிஏ என்றால் மூன்று போதும். எம்சிஏவே 2020-21 முதல் இரண்டு வருடமாகிவிட்டது. சேர்க்கும்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் நான்காம் வருடத்தை அந்தக் கல்லூரியே நடத்துமா என்பதை இப்போதே கேளுங்கள். எல்லாக் கல்லூரியிலும் அதற்கு ஆள்பலம் இருக்காது.

நாக் ஏ பிளஸ் பிளஸ்னு போர்டு வெச்சிருக்காங்க. நம்பலாமுங்களா?

நாக் என்பது கல்லூரிகளை மதிப்பிடும் தேசிய அமைப்பு. அது தருவது கல்லூரி முழுமைக்குமான தரம். நான்குக்கு 3.51 அல்லது அதற்கு மேல் வாங்கினால் ஏ பிளஸ் பிளஸ். கட்டடம், நூலகம், நிர்வாகம், எல்லாத் துறையும் சேர்ந்த கணக்கு அது. வேதியியல் துறை பிரமாதமாக இருந்து கம்ப்யூட்டர் துறை சுமாராக இருந்தாலும் போர்டில் ஒரே எழுத்துத்தான். 2025 பிப்ரவரியில் ஒரு நிறுவனத்துக்கு நல்ல கிரேடு தர லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக் குழுவினரையே சிபிஐ கைது செய்த செய்தியையும் பார்த்திருப்பீர்கள். எல்லாமே பொய் என்று அர்த்தமில்லை. அதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

தனித்தனிப் படிப்புக்கு அங்கீகாரம் தருவது என்பிஏ. பிடெக் என்றால் அந்தந்தக் கிளைக்கு என்பிஏ இருக்கிறதா என்று பார்ப்பது உபயோகம். இன்ஜினியரிங் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014-ல் முழு உறுப்பினரானது, அதனால் சில இன்ஜினியரிங் பட்டங்களுக்கு வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு. பிசிஏவுக்கு அந்த ஒப்பந்தம் பொருந்தாது. ‘எங்கள் பிசிஏ இன்டர்நேஷனல்’ என்று யாராவது சொன்னால் எப்படி என்று விளக்கச் சொல்லுங்கள்.

நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்டுங்கறாங்களே?

எதில் நூறு? ‘தகுதி பெற்றவர்களில் நூறு’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். அரியர் வைத்தவர்கள், மேலே படிக்கப் போனவர்கள், ஆர்வமில்லை என்று எழுதிக் கொடுக்க வைக்கப்பட்டவர்கள் எல்லாம் கழிந்த பிறகு மிச்சத்தில் நூறு. ஒரே பிள்ளைக்கு மூன்று ஆஃபர் வந்தால் அது மூன்றாக எண்ணப்படும். ஆஃபர் லெட்டர் வந்து, வேலையில் சேரும் தேதி வராமலே காத்திருப்பவர்கள் வேறு.

இதைச் சரிபார்க்க ஒரு நேர்வழி உண்டு. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் தாங்கள் கொடுத்த புள்ளிவிவரத்தைத் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்பு, நடுநிலைச் சம்பளம் (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்கும் அளவு) எவ்வளவு என்று அதில் வருடவாரியாக இருக்கும். ஃபிளெக்ஸில் போட்டிருக்கும் ‘அதிகபட்சப் பேக்கேஜ்’ ஒரே ஒரு பிள்ளையுடையது. உங்கள் வீட்டுக்குப் பொருந்துவது நடுநிலைச் சம்பளம். அதுவும் கல்லூரி முழுவதற்குமான எண் என்பதால், துறைவாரியாக என்ன வேலை என்று தனியாகக் கேளுங்கள். டேட்டா என்ட்ரியும் கால் சென்டரும் வேலைதான், ஆனால் அதற்கு இந்தப் பட்டம் வேண்டியதில்லை.

வாத்தியாருங்க எப்படின்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?

துறையின் பக்கத்தில் பெயர்ப் பட்டியல் இருக்கும். எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் கெஸ்ட், எத்தனை பேர் ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கிறார்கள்? ஒவ்வொரு ஜூனிலும் ஆள் மாறும் துறையில் இரண்டாம் வருடப் பிள்ளைக்கு முதல் வருடம் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. நெட் (கல்லூரி ஆசிரியருக்கான தகுதித் தேர்வு) அல்லது முனைவர் பட்டம் வைத்திருப்பது அடிப்படை. அதற்கு மேல், கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவராவது இருந்தால் அனாலிசிஸ் தாளுக்கு உயிர் வரும்.

இப்போது அங்கே படிக்கிற நம்மூர்ப் பிள்ளையிடம் தனியாக ஒன்று கேளுங்கள்: “லேப் பீரியட்ல மேடம் உட்கார்ந்து பார்ப்பாங்களா, கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவாங்களா?” முகத்திலேயே பதில் வந்துவிடும்.

எல்லை தாண்டிப் படிச்சா பின்னால சிக்கல் வருமுங்களா?

நம் பகுதிக்கே உரிய கேள்வி இது. கல்லூரி விளக்க நிகழ்ச்சிகளில் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

சாதிச் சான்றிதழ்: பட்டியலினத்தார், பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சித்தூர் தாலுக்கா ஆபீசில் வாங்கிய சான்றிதழைக் கொண்டு தமிழ்நாட்டு அரசு இட ஒதுக்கீட்டில் இடம் கேட்க முடியாது, பொதுப் பிரிவாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இருபுறமும் ஒரே சாதிதான், ஒரே குலதெய்வம்தான், ஆனாலும் அப்படித்தான். அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வருபவர்களுக்கும் இதே கதை.

உதவித்தொகை: கேரளத்தின் ஈ-கிராண்ட்ஸ் வாங்க நினைத்தால், வெளிமாநிலத்தில் படிப்பவருக்கு என்ன நிபந்தனை என்று சேரும் முன்பே அலுவலகத்தில் கேளுங்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்று தமிழ்நாடு மாதம் 1,000 ரூபாய் தருகிறதே என்றால், அது தமிழ்நாட்டு அரசுப் பள்ளி அல்லது அரசு உதவி பெறும் பள்ளித் தமிழ் மீடியப் படிப்பை அடிப்படையாகக் கொண்டது. கேரளத்துப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்திருந்தாலும் கிடைக்காது.

வேலை: தனியார் கம்பெனிக்கு எந்தப் பல்கலைக்கழகம் என்பது பொருட்டே இல்லை. கேரளத்தில் அரசு வேலைக்கோ மேற்படிப்புக்கோ போகும்போது வெளிமாநிலப் பட்டத்துக்கு ஈக்விவலன்சி சான்றிதழ் (உள்ளூர்ப் பட்டத்துக்குச் சமம் என்ற சான்று) கேட்கக்கூடும். பெரிய தொல்லை இல்லை, ஆனால் நேரம் பிடிக்கும். எல்லா செமஸ்டர் சிலபஸையும் பத்திரமாக வைத்திருந்தால் பின்னால் அலைச்சல் குறையும்.

போக்குவரத்து: வாளையாறு வழி ரயிலோ, வேலந்தாவளம் வழி பஸ்ஸோ, தினம் போய் வரலாம். கன்செஷன் கார்டு எல்லைக்கு அந்தப்புறம் எதுவரை செல்லும் என்பதை மட்டும் முதலிலேயே விசாரித்து, மூன்று வருட பஸ் காசையும் ஃபீஸோடு கூட்டிப் பாருங்கள். இந்தக் கணக்கில் கோவைக் கல்லூரி சில சமயம் ஹாஸ்டல் வேண்டிய பாலக்காட்டுக் கல்லூரியைவிட மலிவாகவும் வரும்.

தமிழ் மீடியத்துல படிச்ச பிள்ளை இங்கிலீஷ்ல தாக்குப்பிடிக்குமா?

முதல் செமஸ்டர் கஷ்டப்படும், பிறகு பழகிவிடும். கம்ப்யூட்டர் இங்கிலீஷ் சின்னதுதான், திரும்பத் திரும்ப அதே சொற்கள் வரும். கேரளத்துக் கல்லூரியில் வகுப்பில் பேச்சு மலையாளமாக இருக்கும், நம் பிள்ளைகளுக்கு அது பாதி தெரிந்ததே. மொழிப்பாடமாகத் தமிழ் வேண்டுமென்றால் தமிழ்த்துறை உள்ள கல்லூரியாகப் பாருங்கள். 1947-ல் தொடங்கிய சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழும் மலையாளமும் பேசி, இங்கிலீஷில் எழுதத் தெரிந்த ஒரு பெண், ஒரு மில்லிலோ ஆஸ்பத்திரியிலோ போய் எல்லாத் தட்டு ஆட்களிடமும் உட்கார்ந்து பேசி விஷயம் கறக்க முடியும். அனலிஸ்ட் வேலைக்கு அது பெரிய சொத்து.

பிளஸ் டூல கணக்கு எடுக்கலைங்க.

பல இடங்களில் பிசிஏ கிடைக்கும். ஆனால் பிறகு எம்சிஏவுக்குப் பிளஸ் டூவிலோ டிகிரியிலோ கணக்குப் படித்திருக்க வேண்டும் என்று சில இடங்களில் கேட்பார்கள். டிகிரியில் கணக்குத் தாள் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

வேலைக்குப் போயிக்கிட்டே தபால்ல படிக்கலாமா?

படிக்கலாம். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தப் படிப்புக்கு, அந்த வருடத்துக்கு யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைநிலைக் கல்விக் குழு அனுமதி உண்டா என்று யுஜிசி தளத்தில் பார்த்துவிட்டுச் சேருங்கள். எங்கோ வடக்கே உள்ள பல்கலைக்கழகத்தின் பெயரில் கடைவீதியில் மாடிப்படிக்குக் கீழே ஒரு ‘ஸ்டடி சென்டர்’ இருந்தால் ஒதுங்கிப் போங்கள். போலிப் பல்கலைக்கழகப் பட்டியலையும் யுஜிசி வெளியிடுகிறது.

சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய ஆன்லைன் பிஎஸ் டேட்டா சயன்ஸ் படிப்பையும் பாருங்கள். ஜேஇஇ வேண்டாம், தகுதித் தேர்வு ஒன்று உண்டு. பாடம் வீட்டிலிருந்தே, பரீட்சை நேரில் மையத்தில். வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யுஜிசி 2022-ல் அனுமதித்துவிட்டதால், கல்லூரியில் பிசிஏ படித்துக்கொண்டே இதையும் எடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சுமை அதிகம்தான், எல்லாருக்கும் சொல்லமாட்டேன்.

ஏஐ வந்துடுச்சே, இனி இந்தப் படிப்புக்கு வேலை இருக்குமுங்களா?

வெறும் கோடு அடிக்க மட்டும் சொல்லிக் கொடுக்கும் படிப்பாக இருந்தால் கவலைப்பட வேண்டியதுதான். சின்னச் சின்ன புரோகிராம் எழுதும் வேலையை இப்போது மெஷின் செய்கிறது. ஆனால் பால் சொசைட்டிச் செயலாளரின் மேஜை டிராயருக்குள் ஒரு நோட்டு இருப்பது எந்த ஏஐக்கும் தெரியாது, யாராவது போய்ப் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. கல்லூரியில் இப்படிக் கேளுங்கள்: பிள்ளைகள் ஏஐ வைத்து அசைன்மென்ட் எழுதினால் என்ன செய்கிறீர்கள்? ‘தடை பண்ணிட்டோம்’ என்ற பதிலும் ‘அதெல்லாம் கண்டுக்கறதில்லை’ என்ற பதிலும் எனக்கு ஒன்றுதான். ‘எழுதட்டும், ஏன் அப்படி எழுதினாய் என்று நேரில் உட்கார்த்தி வைத்துக் கேட்போம்’ என்று சொல்லும் துறை கிடைத்தால் விடாதீர்கள்.

அட்மிஷன் போட்டதும் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வெச்சுக்கறாங்க. வேற இடம் கிடைச்சா தரமாட்டேங்கறாங்க.

சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே சொல்லிவிட்டது. குறிப்பிட்ட தேதிக்குள் விலகினால் ஃபீஸையும் திருப்ப வேண்டும். எந்தத் தேதி என்று அந்தந்த வருடம் அறிவிப்பார்கள், சேரும்போதே தெரிந்துகொள்ளுங்கள். வாயால் கேட்டால் ‘நாளைக்கு வாங்க’ என்பார்கள். முதல்வருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் போட்டு வாங்குங்கள். மறுத்தால் அந்த நகலோடு பல்கலைக்கழகத்துக்கும் யுஜிசியின் குறைதீர்ப்புத் தளத்துக்கும் புகார் அனுப்பலாம். டிசியை வாங்கும்போது அதில் நடத்தை, படிப்பு பற்றி எழுதியிருப்பதை அங்கேயே நின்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.